காசி மாமா ஏன் திரும்பினார்

ஐயா,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. நீ வத்தலக்குண்டு வரைக்கும் பார்சலில் போட்டுவிட்டாய். அங்கிருந்து பஸ்ஸில் தாண்டிக்குடிக்கு வந்து, தாண்டிக்குடியிலிருந்து காசி மாமா மகன் பாண்டியின் ஜீப்பில் நம் ஊருக்கு இறங்கியது. பாண்டி பத்திரிகைக் கட்டை வாசலில் வைத்தான். "உள்ள வாய்யா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றேன். "சோலி கெடக்கு அத்தை" என்று என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை அவன். உனக்கு ஒரு வாய் ஊட்டினால் அவனுக்கும் ஒரு வாய் ஊட்டித்தான் பழக்கம். அவன் போன பிறகு பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே 'திரைப்பட இயக்குநர்' என்று போட்டிருக்கிறாய். உங்கப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிறாய். இரண்டையும் விரலால் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "அம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு யாரிடமோ லைட்டைப் பற்றிப் பேசப் போய்விடுவாய். நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் நீ திரும்பி வரும்போது நான் சொல்ல வந்தது பாதி மறந்து, மீதி கோபமாக மாறியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். சத்துணவுக் கூடத்தில் இருந்த நாளெல்லாம் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கெழுதிய கை இது, நீளமாக எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நீ ஒரே மூச்சில் படிக்க வேண்டும். உன்னோடு கதை எழுதுகிற பிள்ளைகளும் படித்தால் நல்லதுதான். ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை.

நல்ல காரியம் என்றால் முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது, நம் பக்கத்தில், தோள் கொடுத்தவருக்கு. இது உனக்குத் தெரியும், ஆனால் உன்னோடு இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ரோடு இல்லாத காலத்தில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியை மூங்கிலில் கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்கினவர் அந்த வீட்டுக்கு உறவாகிவிடுகிறார். தூக்கிப்போன உயிர் திரும்பாவிட்டால், முதலில் தோள் கொடுத்தவருக்குப் புதுத் துண்டு போட்டு, ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் முதல் இலை போட வேண்டும். உங்கப்பா போன நாளிலிருந்து நம் வீட்டு முதல் இலை காசி அண்ணனுக்குத்தான். இந்த வருஷம் ஐப்பசியில் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பாண்டி சொல்லிவிட்டான். நானும் நம்பிவிட்டேன். குழம்பையும் சோற்றையும் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். வாளி கழுவி வந்தது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று வெள்ளனே குளித்து, தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காசி அண்ணன் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார், குளிரடிக்கிற பிள்ளை மாதிரி.

"வேணாம் தாயி. நீ கொண்டுபோ."

"என்னண்ணே, நம்ம புள்ள கல்யாணம். வாங்கிக்கிருங்க."

"விட்டுட்டு ஓடுனவன் கையி நல்ல காரியத் தட்டத் தொடக்கூடாது தாயி. இத்தன வருசமா முதல் எலையில உக்காந்து தின்னுருக்கேனே, அதுவே பாவம். நீ எம் மூஞ்சிக்கு நேரா ஒரு நாளும் கேக்கல. அது உன் பெரிய மனசு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ கேலி பேசியதை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று நினைத்தேன். "யாருண்ணே ஓடுனது? சினிமாவுல ஓடுனா நெசத்துல ஓடுனதாயிருமா?" என்று அதட்டினேன். அவர் தன் கைகளை வெளியே எடுத்து எனக்குக் காட்டினார். "நாந்தான தாயி வண்டியத் திருப்புனேன்? இந்தக் கையிதான ஸ்டியரிங்க ஒடிச்சது? பின்னால அவன் நில்லுலே, நில்லுலேன்னு கத்துறது காதுல விழுகுது. நாந் திரும்பியே பாக்கல." சொல்லிவிட்டு அழுதார். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. நான் தட்டை மிளகுப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வண்டியை அவர் திருப்பியது எங்கே என்று உனக்குத் தெரியும். உன் ஷூட்டிங்கில். டிரைவராக நடித்த உன் நடிகருக்குச் செங்குத்தான மண்ரோட்டில் ஜீப் ஓட்ட வரவில்லை. "மாமா, நீங்க ஓட்டுங்க, முதுகு மட்டும்தான் தெரியும்" என்று நீ அவரைக் கூப்பிட்டாய். அந்த நடிகரின் சிவப்பு ஸ்வெட்டரை அவருக்குப் போட்டுவிட்டாய். டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மழை பெய்ய வைத்தார்கள். நான் குடையோடு ஓரத்தில் நின்று பார்த்தேன். "அழுத்தி ஓட்டுங்க மாமா, பயந்து ஓடுற மாதிரி" என்று மைக்கில் சொன்னாய். அவர் தலையை வெளியே நீட்டி, "யாரப் பாத்துப் பயந்து மருமகனே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா ஒரு சீன் மாமா" என்றாய். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தாய். ஒவ்வொரு தடவையும் அவர் வண்டியைத் திருப்பினார், ஒவ்வொரு தடவையும் பின்னால் உன் கதாநாயகன் கத்தினான். என்ன கதை என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மருமகன் கேட்டான், மாமன் செய்தார், அவ்வளவுதான்.

படம் வந்தபோது திண்டுக்கல்லுக்கு வேன் பிடித்து ஊரே போனோம். காசி அண்ணன் என் பக்கத்துச் சீட்டில் இருந்தார். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், நான் கைதட்டினேன். மண் சரிந்து, தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயத்து வீடுகள் மேல் விழும்போது உன் கதாநாயகன் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வெளியே விடுகிறானே, அப்போது தேம்பித் தேம்பி அழுதேன். என் புருஷனாகத் திரையில் வந்தவன் அவ்வளவு அழகாக இருந்தான். எனக்காக வந்த பெண் மழையில் நனைந்தும் மை கலையாமல் இருந்தாள். நாமும் இப்படி வாழ்ந்தோமா என்று பெருமையாக இருந்தது. ஜீப் டிரைவர் சாகக் கிடக்கிறவனை ரோட்டில் விட்டுவிட்டு ஓடும்போது தியேட்டரே அவனைத் திட்டியது. நானும் உச்சுக் கொட்டினேன். படத்தில் அவன் பெயர் வேறு, அதனால் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆனால் காசி அண்ணனைப் போலவே அவனுக்கும் ஒரு கால் நொண்டி. சிவப்பு ஸ்வெட்டர். ஜீப்பின் பின்பக்கத்தில் அதே முருகன் படம். விளக்குப் போட்டதும் முன் சீட்டில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் திரும்பிக் காசி அண்ணனைப் பார்த்தார்கள். அவர் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இதைப் பற்றி ஒரு முறை போனில் லேசாகக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அது கதை. ஆரம்பத்துலயே எல்லாம் கற்பனைன்னு போட்டிருக்கோம்ல?" என்றாய். போட்டிருந்தாய். ஜனங்கள் இருட்டில் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது அது வந்து போனது. கடைசியில் என்ன போட்டாய்? உங்கப்பாவின் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போட்டாய். அப்போது எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். முதலில் கற்பனை என்கிறாய், முடிவில் என் புருஷன் போட்டோவைக் காட்டி உண்மை என்கிறாய். நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் ஐயா? சிக்கல் வந்தால் கற்பனை, கைதட்டல் வந்தால் உண்மையா?

சின்னப் பிள்ளையில் நீ இப்படி இல்லை. வத்தலக்குண்டு கொட்டகைக்கு ராஜா ராணிப் படம் பார்க்கக் கூட்டிப்போனால், ஒவ்வொரு சண்டைக்கும் "இது நெசமாப்பா?" என்று உங்கப்பாவைப் பிடுங்கியெடுப்பாய். அவர் அலுக்காமல், "அந்த ராசா இருந்தது நெசம்லே. குதிரையும் இருந்திருக்கும். பேசுனது மட்டும் நம்மாளு எழுதிக் குடுத்தது" என்பார். அந்தப் பதில் உனக்குப் போதவில்லை. தாண்டிக்குடிக்கு மேலே அந்தப் பழைய கல்லு வீடுகளைப் பார்க்கப் போனோமே, அங்கும் அதே கேள்விதான். ஊரில் எல்லோரும் அது பாண்டவர்கள் ஒளிந்திருந்த இடம் என்பார்கள். உன் பள்ளிக்கூட வாத்தியார் அது செத்தவர்களைப் புதைத்த கல்லறை என்று சொல்லியிருந்தார். உனக்குப் பாண்டவர் கதைதான் பிடித்தது. பீமன் எப்படி இவ்வளவு சின்ன வாசலில் நுழைந்தான் என்று தலையை விட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டாய். உங்கப்பா உன் காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்.

அந்தக் கல்லைப் பற்றி நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அதற்குள் படுத்தவன் யாரோ எவனோ. அவனைப் பீமன் என்று சொன்னாலும் அர்ச்சுனன் என்று சொன்னாலும், அவன் மகன் வந்து நம் முகத்தைப் பார்க்காமல் போகப் போவதில்லை. ராஜாக்களின் கதையும் அப்படித்தான். நல்லவனைக் கெட்டவனாக எழுதினாலும் அரண்மனை வாசலில் யாரும் அழுதுகொண்டு நிற்கப் போவதில்லை. அதற்காக அதில் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, அதைப் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது இதுதான். காசி மாமா இன்னும் மிளகு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். சம்பந்தப்பட்டவன் உயிரோடு இருக்கும்போது அவனைக் கதையாக்குகிறவன், படம் முடிந்ததும் வண்டியேறிப் போய்விட முடியாது. நீ போய்விட்டாய். நாங்கள் இங்கே அவரோடு இருக்கிறோம்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். நீ கடைசிக் காட்சியை எடுத்தது பேத்துப்பாறைப் பக்கம். உங்கப்பா அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கேதான் மலை அழகாகத் தெரிகிறது என்று சொன்னாய், சரி. இப்போது கொடைக்கானலுக்கு வருகிறவர்களை டிரைவர்கள் அங்கே நிறுத்தி, அவர் செத்த இடம் என்று காட்டுகிறார்களாம். ஒரு பாறையில் யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். இங்கே, பஸ் நிற்கிற இடத்தில் காசி அண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்தால் பையன்கள் "நில்லுலே!" என்று கத்துகிறார்கள். முதலில் அவரும் கம்பை ஓங்கி விளையாட்டுக் காட்டினார். அப்புறம் பாண்டி வண்டிக்கு 'விட்டுட்டு ஓடுன வண்டி' என்று பெயர் வந்தது. டூரிஸ்ட்டுகள் அதில் ஏறி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு அதில் ஏறத் தயங்குகிறார்கள். டி.வி.யில் உன் படம் போடும்போதெல்லாம் அவர் தவறாமல் பார்க்கிறாராம். பாண்டி பெண்டாட்டி சொன்னாள். தான் ஓடுகிற இடம் வந்ததும் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம். வயதாகிவிட்டது. காலையில் தின்றது மத்தியானம் மறந்துபோகிறது. மறந்துபோன இடத்தில் உன் படம் வந்து உட்கார்ந்துகொண்டது.

யாரிடம் கேட்டு இதை எழுதினாய் என்று தெரிந்துகொள்ள முத்துராசுவிடம் போனேன். டோலி தூக்கியவர்களில் காசி அண்ணனை விட்டால் இன்றைக்கு இங்கே இருப்பவன் அவன் ஒருவன்தான். எஸ்டேட் வாட்ச்மேன் இறந்துவிட்டார், இன்னொருவன் திருப்பூர் போய்த் தகவலே இல்லை. முத்துராசு டீக்கடையில் உன்னோடு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். "காசியண்ணே பாதியில விட்டுட்டுப் போனாரா இல்லையா, மதினி? போனாரு. மூணு தோளுல நின்னோம். என் தோளு இத்துப்போச்சு. அதத்தான் தம்பிக்குச் சொன்னேன்." "போனவரு திரும்பி வந்தாரே, அதச் சொன்னியா?" என்று கேட்டேன். அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "வந்தாரா? மழை மதினி. அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் கெடக்கு" என்றான். பொய் சொல்கிற மாதிரி இல்லை. படத்தில் அவன் கடைசி வரை டோலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறான், அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உன்னிடம் பேசியபோது உன் படம் இன்னும் வரவில்லை. அவன் பேசியதை நீ ரெக்கார்டு செய்து வைத்திருப்பாய். மீதியையும் அன்றைக்குச் சொல்லியிருக்கிறானா என்று நீயே போட்டுக் கேள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஊர் முழுக்கக் கேட்டாய். எஸ்டேட் ஆபீஸில் கேட்டாய், தாண்டிக்குடி ஆஸ்பத்திரியில் கேட்டாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. "அம்மா அழும்" என்று உன் நண்பனிடம் சொன்னாயாம். அழுதிருப்பேன்தான், அழுதுவிட்டுச் சொல்லியிருப்பேன். இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

அன்றைக்கு மண்சரிவில் வீடு ஒன்றும் புதையவில்லை. உங்கப்பா யாரையும் காப்பாற்றவில்லை. காப்பிப் பழம் அரைக்கிற மிஷினிலிருந்து மத்தியானமே வந்து, நெஞ்சு அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். நானும் வாயு என்றுதான் நினைத்தேன். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. காசி அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்தார். "நீ இரு தாயி, ஒரு ஊசியப் போட்டுக் கூட்டியாந்துருவோம்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார். எனக்கும் பெரிதாகப் படவில்லை. மாட்டைக் கறந்து பாலை அடுப்பில் வைத்தேன். அப்போதுதான் மேலேயிருந்து ஒரு ஆள் வந்து, ரோடு சரிந்துகிடக்கிறது, ஜீப் போகாது, டோலி கட்டிவிட்டார்கள் என்று சொன்னான். டோலி என்ற சொல்லுக்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

டோலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூக்கின டோலியை ரோடு வரும்வரை தரையில் வைக்கக் கூடாது. தோள் மாற்றலாம், நின்று மூச்சு வாங்கலாம், ஆனால் இறக்கக் கூடாது. இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவர் போய்விட்டார் என்று அர்த்தம். அதனால்தான் முத்துராசுவின் தோள் இத்துப்போனது. பாதி வழியில் உங்கப்பா டோலிக்குள்ளிருந்து காசி அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். "காசி, அவ வீட்டுல இருக்க மாட்டா. பின்னாலயே வருவா. ஓடையில தண்ணி வந்துருக்கும், தாண்ட மாட்டா. நீ போயிக் கூட்டியா." தோளை மாற்றிவிடக் கூட ஆள் இல்லை. ஆனாலும் காசி அண்ணன் மற்ற மூன்று பேரிடமும் டோலியை விட்டுவிட்டுத் திரும்பினார். மூன்று பேரும் அவரைத் திட்டியபடியே மழையில் டோலியோடு நின்றார்கள்.

நான் ஓடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். செந்தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடியது. இறங்குகிறேன், இழுக்கிறது, ஏறிவிடுகிறேன். அந்தப் பக்கம் காசி அண்ணன் வந்தார். "அவந்தான் அனுப்பிச்சான் தாயி, வெரசா வா" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கி வந்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். நடு ஓடையில் அவர் கால் பாறை இடுக்கில் சிக்கியது. முழங்கால் முறுக்கிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் என்னைக் கீழே விடவில்லை. அந்தக் காலோடு என்னை இழுத்துக்கொண்டு டோலி நின்ற இடம் வரைக்கும் ஏறினார். அந்த நொண்டியைத்தான் ஐயா நீ உன் வில்லனுக்குக் கொடுத்தாய். அந்தக் கால் எப்படிப் போனது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. மாமா எப்போதோ எங்கேயோ விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அப்போது நீ திண்டுக்கல் ஹாஸ்டலில் இருந்தாய். நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எல்லோரும் அழுதுகொண்டிருந்த வீட்டில் ஒருவர் நொண்டுவது யார் கண்ணில் படும்?

உன் படத்தில் சாகும்போது கதாநாயகன் மண்ணைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் நீளமாகப் பேசுகிறான். பிள்ளைகள் அதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். நல்ல பேச்சுதான், நான் குறை சொல்லவில்லை. உங்கப்பா பேசியதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். கம்பளியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, என்னை மோந்து பார்த்த மாதிரி இருந்தது. "பால அடுப்புல வச்சிட்டு வந்துட்டியா? பொங்கிரும்ல" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச தூரம் டோலியோடு நடந்தேன். அப்புறம் காசி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எறக்குங்கப்பா" என்றார். வீட்டுக்கு வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இருந்தேன். பெரிய பேச்சு பேசாத மனுஷன், சாகும்போதும் என் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டுப் போனார். காசி அண்ணன் திரும்பவில்லை என்றால் இது எனக்குக் கிடைத்திருக்காது. இப்போது அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது ஐயா. கண்ணை மூடி அந்த முகத்தை நினைத்தால் சில நாள் உன் கதாநாயகன் முகம் வருகிறது. எழுந்துபோய் ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கே இப்படி என்றால் காசி அண்ணனை எப்படிக் குறை சொல்வது?

நேற்று அவரிடம் இதெல்லாம் சொன்னேன். ஓடையைச் சொன்னேன், முதுகில் தூக்கியதைச் சொன்னேன், அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் திரும்புனது நெசம்தான தாயி?" என்றார். "நெசம்தாண்ணே. என்னக் கூப்பிடத்தான்" என்றேன். தலையை ஆட்டினார். "நீ எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. மருமகன் படிச்ச புள்ள. மாசக்கணக்கா விசாரிச்சு எடுத்திருக்கு. அது தப்பாவா எடுக்கும்?" என்றார். உன்மேல் ஒரு சொட்டுக் கோபம் இல்லை அவருக்கு. உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் எவ்வளவு சொன்னாலும் அது ஆறுதல். நீ காட்டியது அவருக்கு அத்தாட்சி.

படம் எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கதை சொல்கிறவன் கூட்டவும் குறைக்கவும்தான் செய்வான், முட்டை வராத நாளில் நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித்தான் வெறுஞ்சோறு ஊட்டினேன். உங்கப்பாவை வீரனாக்கினாய், அது மகன் ஆசை, அவரும் கேட்டால் கூச்சத்தோடு சிரித்திருப்பார். ஆனால் ஒருவனை உயரத்தில் வைக்க இன்னொருவனைத் தள்ளிவிட்டுத்தான் ஆக வேண்டுமா என்று எழுதும்போதே ஒரு தடவை நின்று யோசி. ஒருவன் செய்ததை எழுதுவதற்கு முன்னால் எதற்காகச் செய்தான் என்று அவனிடமே போய்க் கேள். 'திரும்பினார்' என்பது வரை உனக்குச் சரியாகக் கிடைத்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உனக்கு வேறு படம் கிடைத்திருக்கும். அது ஓடியிருக்குமோ ஓடாதோ எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு நான் வந்துவிடுவேன், பயப்படாதே. சபதம் போட்டுக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துகொள்ள நான் உன் படத்தில் வருகிற அம்மா இல்லை. பட்டுப்புடவைக்கு ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை நீ இங்கே வர வேண்டும். கேமரா வேண்டாம், உன் ஆட்கள் வேண்டாம். உனக்கு வரப்போகிறவளைக் கூட்டிக்கொண்டு வா, அவளும் தெரிந்துகொள்ளட்டும். தாண்டிக்குடியில் இறங்கியதும் வேறு வண்டி பிடிக்காதே. பாண்டி ஜீப்பில் ஏறி, நாலு பேர் பார்க்க முன் சீட்டில் உட்கார்ந்து வா. நான் இலை போட்டு வைக்கிறேன். தாம்பூலத் தட்டை உன் கையால் கொண்டுபோய்க் கொடு. அவர் கையை அக்குளுக்குள் செருகிக்கொள்வார். விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முழங்காலைத் தொட்டு, "மாமா, நீங்க ஓடல. எங்கம்மாவக் கூட்டியாரத்தான் திரும்புனீங்க. நாந்தான் தப்பா எடுத்துட்டேன்" என்று சொல். உரக்கச் சொல், காது கொஞ்சம் மந்தம். மறந்துபோவார். மறுநாளும் சொல். எத்தனை நாள் ஆனாலும் இருந்து சொல்லிவிட்டுப் போ.

நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். நீ சொன்னால் நம்புவார். உன் படத்தையே நம்பிவிட்ட மனுஷன், உன்னை நம்ப மாட்டாரா?

வந்து சேர்.

அம்மா